நள்ளிரவில் ஒரு மணி

1801ஆம் ஆண்டு தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1799 ஒப்பந்தத்தில், நாட்டு நிர்வாகம் கம்பெனி கைக்குப் போய்விட்டது. மன்னருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டை, ஒரு வருடாந்திரத் தொகை, வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. கடிதத்தின் பேச்சு இதையெல்லாம் பற்றியதல்ல. ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களுக்காக அவருடைய முன்னோர் வழிநெடுகக் கட்டிவைத்த சத்திரங்களைப் பற்றியது. அங்கே என்னென்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார்.

வழிப்போக்கர் எந்தச் சாதியானாலும் சோறு உண்டு. அடுத்தவர் சமைத்ததைத் தொடாதவர்களுக்கு அரிசியும் மளிகைச் சாமானும் தனியாக. இது நள்ளிரவு வரை நடக்கும். நள்ளிரவில் ஒரு மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். நோயில் விழுந்தவருக்கு மருந்து, அதற்கேற்ற பத்தியச் சாப்பாடு. விஷக்கடிக்கு வைத்தியர். இல்லாதவர்களின் கைக்குழந்தைக்குப் பால். கர்ப்பிணிக்கு வலி கண்டால் அங்கேயே பிரசவம், அதற்குப் பிறகு மூன்று மாதம் வரை தங்கிக்கொள்ளலாம். வழிப்போக்கர்கள் விட்டுச்சென்ற அநாதைப் பிள்ளைகளுக்கு வாத்தியார், மூன்று வேளைச் சாப்பாடு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்துவிடுதல். தங்கிய இடத்திலேயே யாராவது இறந்துபோனால் அவரவர் சாதி வழக்கப்படி ஈமச்சடங்கு.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அறம், தானம் எல்லாம் எனக்கு அப்புறம்தான் தோன்றியது. முதல் வாசிப்பில் இது ஒரு நல்ல ரெக்வயர்மெண்ட் டாக்குமெண்ட் மாதிரி இருந்தது. எங்கள் வேலையில் 'எட்ஜ் கேஸ்' என்று ஒன்று உண்டு. பத்துப் பேரில் ஒன்பது பேர் வழக்கமான பாதையில் வந்துவிடுவார்கள், அவர்களுக்காக எழுதுவது சுலபம். பத்தாவது ஆள் எப்படி வருவான் என்று யோசிப்பதில்தான் பாதி நாள் போகும். தினம் நூறு பேருக்குச் சோறு போடும் இடத்துக்கு இன்னொரு பந்தி பெரிய விஷயமில்லை. ஆனால் அந்த மணி? திண்ணையில் அசதியில் தூங்கிப்போனவன், இருட்டியபின் வந்து யாரை எழுப்புவது என்று தயங்கி ஓரமாகப் படுத்துக்கொண்டவன், கேட்கக் கூச்சப்படுகிறவன். இவர்களை யாரோ ஒருவர் முன்கூட்டியே மனதில் பார்த்திருக்கிறார். நம்ம ஊரில் பசியைக் காட்டிலும் கேட்பதற்கான கூச்சம் பெரிது என்பது தெரிந்த ஆளாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இந்தச் சத்திரங்கள் பலவற்றுக்குப் பெண்களின் பெயர். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள். முக்தாம்பாள் சரபோஜியின் காதலி. அவர் இறந்தபின் அவர் பெயரில் எழுந்தது ஒரத்தநாட்டுச் சத்திரம். யானையும் குதிரையும் இழுக்கும் தேர் போன்ற அமைப்பு. போகிறவர்கள் கல்லில் செதுக்கிய குதிரைகளைத்தான் படம் எடுப்பார்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்ததைப் படம் எடுக்க முடியாது இல்லையா.

இன்றைய குறுகிய காலத் தங்கல் வியாபாரத்தின் தொடக்கக் கதையும் ஏறக்குறைய ஒரு திண்ணைக் கதைதான். 2007 அக்டோபர், சான் ஃபிரான்சிஸ்கோ. ஒரு டிசைன் மாநாட்டினால் ஊரில் ஓட்டல் அறைகள் நிரம்பிவிட்டன. பிரையன் செஸ்கி, ஜோ ஜெபியா என்ற இரண்டு இளைஞர்களுக்கு வீட்டு வாடகை கட்டப் பணமில்லை. கூடத்தில் காற்றடைத்த மெத்தைகளைப் போட்டு, ஓர் இரவுக்கு 80 டாலர் என்று அறிவித்தார்கள். வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் அரிசோனாவில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர். இருவரும் அவருக்கு ஊரையும் சுற்றிக்காட்டினார்கள். காற்று மெத்தையும் காலை உணவும் சேர்ந்த அந்தப் பெயர்தான் பின்னால் ஏர்பிஎன்பி என்று சுருங்கியது.

நிறுவனம் வளர்ந்த பிறகு செஸ்கி ஒரு விளையாட்டுக் கணக்குச் சொல்வார். கதவு திறந்து உள்ளே விட்டால் 5 நட்சத்திரம். மேசையில் ஒரு சின்னப் பரிசும் தின்பண்டமும் இருந்தால் 6. உனக்கு அலைச்சறுக்கு பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு பலகையோடு காத்திருந்தால் 7. இப்படியே ஏறி, 10இல் பீட்டில்ஸ் குழுவுக்குக் கிடைத்ததைப் போல விமான நிலையத்தில் கூட்டம் கூடி ஆர்ப்பரிக்கிறது. 11இல் எலான் மஸ்க் வந்து விண்வெளிக்கு அழைத்துப் போகிறார். எனக்கு இதில் 6ஆம் 7ஆம் இடங்கள்தான் சுவாரசியம். 8க்கு மேல் விருந்தாளியே காணாமல்போய் வெறும் ஆடம்பரம் மிஞ்சுகிறது.

கும்பகோணம் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு இரவு தங்கியிருந்தேன். அலமாரியில் கொசுவர்த்திச் சுருள். இதை எல்லோரும் வைப்பார்கள். பக்கத்திலேயே அதைக் குத்தி நிறுத்தும் தகடு, ஒரு தீப்பெட்டி, தீப்பெட்டிக்குள் நிஜமாகவே குச்சிகள். ராத்திரி 11 மணிக்குக் கடை தேடி அலைந்தவன் யாரோ அந்த வீட்டில் எனக்கு முன்னால் தங்கியிருக்க வேண்டும். அல்லது வீட்டுக்கார அம்மா அப்படி ஒருவனை மனதில் பார்த்திருக்க வேண்டும்.

அந்தத் தீப்பெட்டி அன்பா, மதிப்பெண்ணுக்கா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஏர்பிஎன்பியில் 'சூப்பர்ஹோஸ்ட்' ஆக 5க்கு 4.8 சராசரி வேண்டும். ஐந்து பேரில் நாலு பேர் 5 கொடுத்து, ஒருத்தர் 4 கொடுத்தால் சரியாக 4.8. இன்னொருத்தரும் 4 கொடுத்தால் போச்சு. வாழைப்பழச் சீப்பு, கையால் எழுதிய வரவேற்புச் சீட்டு, பிள்ளை பெயரை விசாரித்து வைத்துக்கொள்வது, எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. சத்திரத்தில் சாப்பிட்டுப் போனவன் நட்சத்திரம் கொடுத்ததில்லை.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டு 'அந்தக் காலத்தில் எல்லாம்' என்று பெருமூச்சு விடவும் எனக்கு மனமில்லை. சரபோஜியின் கடிதமும் ஒருவகையில் மதிப்பெண் கேட்கும் கடிதம்தான். படிக்கப்போகிறவர் கஜானாச் சாவி வைத்திருக்கும் கம்பெனிக்காரர். தன் சத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதை மன்னர் நல்லவிதமாகத்தான் சொல்லியிருப்பார். சாப்பிட்டவர்கள் யாரும் எழுதிவைத்த கடிதம் நம்மிடம் இல்லை. மேலும், அவர் பெருமையோடு சொல்வதிலேயே உற்றுப்பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சமைத்ததைத் தொடாதவருக்குத் தனி அரிசி, இறந்தவருக்கு அவரவர் சாதிப்படி சடங்கு. வந்தவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இந்த இரண்டையும் செய்யவே முடியாது. ஒருவருடைய வழக்கத்துக்கு மரியாதை கொடுத்த அதே கேள்விதான் யார் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதையும் தீர்மானித்திருக்கும்.

இந்தக் கேள்வி இன்றைக்கும் தீர்ந்தபாடில்லை. ஹார்வர்டில் பெஞ்சமின் எடல்மன், மைக்கேல் லூகா, டான் ஸ்விர்ஸ்கி மூவரும் ஒரு சோதனை செய்து 2017இல் வெளியிட்டார்கள். ஒரேமாதிரியான விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி ஏர்பிஎன்பி வீட்டுக்காரர்களுக்கு அனுப்பினார்கள். கறுப்பினத்தவர் பெயர் என்று பட்டவர்களுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு, வெள்ளையர் பெயர் என்று பட்டவர்களைவிட 16 சதவீதம் குறைவு. விருந்தாளியைப் பேர்சொல்லி வரவேற்பதற்காக வாங்கிய பேர், வாசலிலேயே திருப்பி அனுப்பவும் பயன்பட்டிருக்கிறது. நம்ம ஊரில் வீடு பார்க்கப் போய், "நீங்க நான்வெஜ் சாப்பிடுவீங்களா தம்பி?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர்களுக்கு இந்த ஆய்வு தேவையே இல்லை.

2018இல் நிறுவனம் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. வீட்டுக்காரர் சம்மதித்த பிறகுதான் வருபவரின் புகைப்படம் அவர் கண்ணில் படும். பெயர் முன்புபோலவே முதலில் வந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தவருக்கு மட்டும் 2022 ஜனவரி கடைசியிலிருந்து அதுவும் மாறியது: பதிவு உறுதியாகும் வரை பெயரின் முதலெழுத்து மட்டுமே தெரியும். உறுதியானதும் முழுப்பெயர். வரவேற்புச் சீட்டு எழுத அப்போதும் நேரம் இருக்கும்.