தானுந்துப் பொறியியல் பட்டயப் படிப்பு

பத்தாம் வகுப்பு தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் சேர்ந்து மூன்று ஆண்டுகள், ஆறு பருவங்களாகப் படிக்கும் வாகனத் தொழில்நுட்பப் படிப்பு. பிளஸ் டூ படித்தவர்களும் ஐ.டி.ஐ. முடித்தவர்களும் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். தமிழ்நாட்டில் இது தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் பொறுப்பில் உள்ளது. சான்றிதழை மாநிலத் தொழில்நுட்பக் கல்வி மற்றும் பயிற்சி வாரியம் வழங்குகிறது.

அரசு ஆவணங்களில் இதற்குத் தானியங்கிப் பொறியியல், தானுந்துப் பொறியியல், ஊர்திப் பொறியியல் என்று பல பெயர்கள் உண்டு. ‘தானியங்கி’ என்றால் ஆள் இல்லாமல் ஓடும் எந்திரம் என்ற பொருளும் வந்து குழப்புவதால் இக்கட்டுரை ‘தானுந்து’ என்ற சொல்லைக் கொள்கிறது. படிப்பவர்கள் இவற்றில் எதையும் சொல்வதில்லை. ‘ஆட்டோமொபைல் டிப்ளமோ’, சுருக்கமாக ‘டி.ஏ.இ.’ என்பார்கள்.

இப்படிப்பை ஓர் ஊரிலிருந்து பார்க்கலாம். கடலூர் மாவட்டம் பண்ருட்டி வட்டத்தில், சென்னை–கும்பகோணம் சாலையில், பண்ருட்டியைத் தாண்டி நெய்வேலிக்குப் போகும் வழியில் இருக்கிறது காடாம்புலியூர். செம்மண், முந்திரித் தோப்பு, பலா மரம், நடுவே நிற்காமல் ஓடும் நெடுஞ்சாலை. இவ்வூரைப் போன்ற சாலையோர ஊர்களில் ஒரு பையனுக்கு வண்டியின் உட்புறம் முதலில் தெரியவருவது மெக்கானிக் ஷெட்டில்தான். டிராக்டர், லோடு வண்டி, மோட்டார் சைக்கிள் என்று எது பழுதானாலும் வந்து நிற்குமிடம் அது. ஷெட்டில் ஹெல்பராக நிற்பவன், ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு படிப்பவன், பாலிடெக்னிக் போகிறவன், பொறியியல் பட்டம் படிப்பவன் ஆகிய நால்வரும் ஒரே எஞ்சினைத்தான் படிக்கிறார்கள். மூன்றாமவனின் இடம் எது என்பது இன்று வரை தீராத விவாதம்.

தோற்றம்

பஸ் கம்பெனி நடத்தியவர்களுக்கு இந்தப் படிப்பின் வளர்ச்சியில் பெரும் பங்கு உண்டு. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு (1893–1974) 1920இல் ஒரு பேருந்து வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கினார். அதுவே யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆக வளர்ந்தது. பேருந்துகள் பெருகினால் அவற்றைப் பழுது பார்க்க ஆள் வேண்டும். சொந்தப் பணிமனையிலேயே ஆட்களைப் பழக்கிய நாயுடு, 1945இல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் பெயரில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கையும் பொறியியல் கல்லூரியையும் தொடங்கக் காரணமானார். பொறியியல் படிப்பை நான்கு ஆண்டுக்கு நீட்டுவது வீண், இரண்டு ஆண்டு போதும் என்பது அவர் கட்சி. அரசு ஏற்கவில்லை, அவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். அக்கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. இரண்டு ஆண்டில் எல்லாம் முடியும் என்றது மிகைதான். ஆனால் வண்டியைத் தொடாமல் கழியும் பருவங்களைப் பற்றிய அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது.

பொள்ளாச்சியிலும் இதே கதைதான். ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தைத் தொடங்கிய நாச்சிமுத்துக் கவுண்டரின் பெயரில், அவர் மகன் நா. மகாலிங்கம் 1957இல் நாச்சிமுத்து பாலிடெக்னிக்கை நிறுவினார். சென்னையில் வழி வேறு. 1916இல் தொழிற்பள்ளியாகத் தொடங்கியது பின்னர் மத்திய பாலிடெக்னிக் ஆகித் தரமணிக்குப் போனது. 1949இல் சி. ராஜம் குரோம்பேட்டையில் நிறுவிய எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி) தானுந்துப் பொறியியலைத் தனிப் பாடமாகவே வைத்தது. பி.எஸ்ஸி. முடித்தவர்கள் மூன்றாண்டு படித்து ‘டி.எம்.ஐ.டி.’ என்ற டிப்ளமோ பெற்றார்கள். விமானப் பொறியியலில் அப்துல் கலாம் பெற்றதும் அதைத்தான். ஆக, ‘டிப்ளமோ’ என்ற சொல் பட்டத்துக்குக் கீழ்ப்படி என்ற பொருளில் மட்டும் எப்போதும் வழங்கவில்லை.

பாடம்

முதல் ஆண்டு எல்லாப் பிரிவுக்கும் பொது. கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், பொறியியல் வரைபடம், பிறகு பட்டறைப் பயிற்சி. ஷெட்டில் கை பழகி வந்த பையன்கள் தடுக்கி விழுவது இங்கேதான். தமிழ் வழியில் படித்து வந்தவனுக்கு ஆங்கிலப் பாடநூலும் கணிதமும் அரியராக நிற்க, எஞ்சினைப் பார்க்கும் முன்பே மனம் விட்டுப் போகும். இரண்டாம் ஆண்டில்தான் எஞ்சின், சேசிஸ், பவர் டிரெயின், வாகன மின்னியல் எல்லாம் வரும். மூன்றாம் ஆண்டில் பராமரிப்பு, போக்குவரத்து மேலாண்மை, புராஜெக்ட்.

ஷெட் சொல்லித்தருவதற்கும் வகுப்பு சொல்லித்தருவதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு முன்சக்கரம் நல்ல எடுத்துக்காட்டு. ஒரு வேனின் முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து வருகிறது. ‘அலைன்மென்ட் போச்சு’ என்பார் மேஸ்திரி. அது சரியான பேச்சுதான். ஆனால் அலைன்மென்ட் என்பது ஒரே கோணம் அல்ல. மேலிருந்து பார்க்கையில் இரு முன்சக்கரங்களும் முன்பக்கம் சற்று நெருங்கி நிற்பது டோ-இன். அது அளவுக்கு மேல் போனால் டயரின் வெளி விளிம்பு தேயும், தடவிப் பார்த்தால் ரப்பர் இறகுபோல் கையில் உராயும். முன்னாலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்வது கேம்பர். தலைப்பக்கம் உள்ளே சாய்ந்தால் உள்விளிம்பு தேயும். பக்கவாட்டில் பார்க்கையில் ஸ்டியரிங் அச்சு பின்னே சாய்ந்திருப்பது காஸ்டர். இடமும் வலமும் ஒவ்வாமல் போனால் டயர் பெரிதாகத் தேயாது, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அனுபவமுள்ள மேஸ்திரி டயரைத் தடவியே டை ராடைத் திருகுவதா, கிங் பின்னைப் பார்ப்பதா என்று முடிவு செய்துவிடுவார். காரணத்தைச் சொல்லச் சொன்னால் திணறுவார். டிப்ளமோ படித்தவருக்குக் காரணம் தெரியும், கை தயங்கும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர வேண்டும் என்றே இப்படிப்பு வகுக்கப்பட்டது. பல இடங்களில் அது சேராமல் போவதற்கு, அறுத்து வைத்த பழைய எஞ்சினையே ஆண்டுதோறும் கழற்றி மாட்டும் ஆய்வகங்களும் ஒரு காரணம். எதிர்பாராத பழுதோடு வந்து நிற்கும் வண்டி அங்கே கிடையாது.

சட்டம் கொடுத்த இடம்

‘பட்டமும் இல்லை, தொழிலாளியும் இல்லை’ என்று ஏளனம் செய்யப்படும் இந்தப் படிப்புக்குச் சட்டம் ஒரு தனி இடம் வைத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 213ஆம் பிரிவின் கீழ் மத்திய அரசு 1989இல் வெளியிட்ட அறிவிக்கை, மோட்டார் வாகன ஆய்வாளருக்குரிய குறைந்தபட்சத் தகுதியைச் சொல்கிறது. பத்தாம் வகுப்பு, தானுந்து அல்லது இயந்திரப் பொறியியலில் மூன்றாண்டு டிப்ளமோ, இலகு வாகனமும் கனரக வாகனமும் பழுது பார்க்கும் பணிமனையில் ஓராண்டு அனுபவம், ஓட்டுநர் உரிமம். லாரிக்குத் தகுதிச் சான்று தருவது, விபத்தில் சிக்கிய வண்டியைப் பரிசோதிப்பது, உரிமம் கேட்டு வருபவரை ஓட்டச் சொல்லிப் பார்ப்பது எல்லாம் இவர் வேலை. தமிழ்நாட்டில் அரசுப் பணியாளர் தேர்வாணையம் இதற்குத் தேர்வு நடத்துகிறது. அந்த ஓராண்டுப் பணிமனை அனுபவத்தைத்தான் பலர் கடைசி நேரத்தில் தேடி அலைகிறார்கள்.

நெய்வேலியும் வண்டியும்

காடாம்புலியூரிலிருந்து பார்த்தால் பெரிய வேலைவாய்ப்பு கண்ணெதிரே இருப்பதாகத் தோன்றும். 1956இல் பதிவு செய்யப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1957 மே 20 அன்று நேரு தொடங்கிவைக்க மண்ணை வெட்டத் தொடங்கியது. 2016 முதல் என்.எல்.சி. இந்தியா. ஆனால் அந்தச் சுரங்கத்தின் அடிப்படை அமைப்பு வாகனங்களைச் சார்ந்ததல்ல. வாளிச் சக்கர எந்திரம் மண்ணை அகழ்கிறது, கன்வேயர் பெல்ட் சுமந்து போகிறது, ஸ்பிரெடர் கொட்டிப் பரப்புகிறது. மூன்றும் மின்சாரத்தில் ஓடுபவை. வட இந்திய நிலக்கரிச் சுரங்கங்களில் டம்பர் வரிசைகள் செய்யும் வேலையை இங்கே பெல்ட் செய்கிறது. புல்டோசர், கிரேன், டம்பர், பேக்ஹோ போன்றவை ‘சி.எம்.இ.’ என்ற துணைப் பிரிவில் வரும். தானுந்துப் படிப்புக்கு நேரடி உறவு இந்தப் பிரிவோடுதான்: டீசல் எஞ்சின், ஹைட்ராலிக்ஸ், சங்கிலித் தடம்.

ஒப்பிட்டுப் பார்க்க விருத்தாசலம் இருக்கிறது. நெய்வேலி மண்ணோடு வெளிவரும் களிமண்ணை நம்பி அங்கே பீங்கான் தொழில் வளர்ந்தது. அதற்கென்றே அரசு செராமிக் தொழில்நுட்ப நிறுவனமும் டிப்ளமோவும் வந்தன. அந்த டிப்ளமோ உள்ளூர் மண்ணைப் பின்தொடர்ந்தது. ஆட்டோமொபைல் டிப்ளமோ சாலையைப் பின்தொடர்கிறது. படித்தவரையும் பெரும்பாலும் சாலையோடு வெளியூருக்கு அழைத்துப் போய்விடுகிறது.

உள்ளூரிலேயே ஓராண்டு கழிக்க நல்ல வழி தொழில் பழகுநர் பயிற்சி. 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம் 1973 திருத்தத்துக்குப் பின் டிப்ளமோ முடித்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. தென் மாநிலங்களுக்கான பழகுநர் பயிற்சி வாரியம் தரமணியில் இயங்குகிறது. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம் இயந்திரவியல், தானுந்துப் பிரிவினரைப் பழகுநராக எடுத்து வந்துள்ளது. நாளெல்லாம் ஓடி இரவில் பணிமனைக்குத் திரும்பும் பேருந்தில் பிரேக் லைனிங் மாற்றிக் காலையில் அனுப்பியாக வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் இல்லாத அவசரம் அங்கே இருக்கிறது.

ஸ்பேனரும் ஸ்கேனரும்

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ். 6 மாசு வரம்பு நடைமுறைக்கு வந்ததும் புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்தது. ஜெட்டைக் கழற்றி ஊதி, மிக்சர் ஸ்குரூவைத் திருப்பி, காது வைத்துக் கேட்டுச் சரி செய்த கலை ஒரே மாற்றத்தில் பழையதானது. இப்போது வண்டி தன் பழுதைக் குறியீடாகச் சொல்கிறது. அதைப் படிக்க ஸ்கேனர் வேண்டும், சென்சாரின் வோல்டேஜ் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். முதலில் சொன்ன நால்வரில் மூன்றாமவனான பாலிடெக்னிக் மாணவனுக்கு இது சாதகமான காலம். ஷெட்டுகளே மின்னணு தெரிந்த ஆளைத் தேடுகின்றன. மின் வாகனம் வந்தபின் பேட்டரியின் உயர் அழுத்த மின்சாரத்தை எப்படித் துண்டித்துவிட்டு வேலை பார்ப்பது என்பதும் பாடமாகிறது.

தொழிற்சாலை வேலை பெரும்பாலும் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், ஓசூர் வட்டாரங்களில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின் கார் ஆலையும் திறக்கப்பட்டது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022இல் உற்பத்தியை நிறுத்தியதையும் அதே தலைமுறை பார்த்தது. ஆலை வேலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அசெம்பிளி லைனில் ஒரே போல்ட்டை முறுக்குவதற்கு மூன்றாண்டுப் படிப்பு தேவையில்லை. சர்வீஸ் சென்டரில் புகாரைக் கேட்டுப் பழுதைக் கண்டுபிடிக்க அது தேவைப்படுகிறது. சம்பளம் முதலில் எங்கே கூடுதல் என்று பார்த்துப் போகிறவர்கள் பின்னர் இதை உணர்கிறார்கள்.

மேற்படிப்பு விரும்புவோர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இதற்கான மாநிலக் கலந்தாய்வைக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி பல ஆண்டுகள் நடத்தியது. அரசுப் பள்ளிகளில் படித்துவிட்டு டிப்ளமோ சேரும் மாணவிகளுக்கு 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஒரு செட் ஸ்பேனர் வாங்கப் போதுமான தொகைதான்.