காகிதம் கையில இருக்கா? – பெண்களின் பண உரிமை வந்த கதை



நம்ம ரமணாசிரமம் பகுதியில் பெண்கள் பூ கட்டுறாங்க, டிபன் கடை வைக்கிறாங்க, வீட்டு வேலைக்குப் போறாங்க. சம்பாதிச்ச காசு குடும்பத்துக்கே போகுது. ஆனா புருஷன் பொண்டாட்டி பிரியற நிலை வந்தா, "உன்னோடது என்ன இருக்கு?"ன்னு ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற உரிமை நமக்குச் சும்மா வந்ததில்லை.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் பெரியாரின் முதல் சுயமரியாதை மாநாடு நடந்தது. பெண்ணுக்கு ஆணோட சமமா சொத்துரிமை வேணும், விவாகரத்து உரிமையும் வேணும்னு அங்கே தீர்மானம் போட்டாங்க. அந்தக் காலத்தில் சில சாதிகளில் வழக்கப்படி தீர்த்து விடுவாங்களே தவிர, இந்துப் பெண்ணுக்குச் சட்டப்படி விவாகரத்து இங்கே கிடையாது. 20 வருஷம் கழிச்சு, 1949ல்தான் சென்னை மாகாணம் அதுக்குச் சட்டம் போட்டது. 1955ல் அது நாடு முழுக்க வந்தது. 1956 வாரிசுரிமைச் சட்டத்தால், இந்துப் பெண்ணின் சொத்து அவளுக்கே முழுச் சொந்தம் ஆச்சு.

1989ஐ நாம மறக்கக் கூடாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்குன்னு தமிழ்நாட்டில் சட்டம் வந்தது அந்த வருஷம். பக்கத்துத் தர்மபுரியில் அரசு சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியதும், நம்ம திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனதும் அதே வருஷம்தான். அந்தச் சமபங்கு 2005ல் இந்தியா முழுக்கப் போச்சு.

ஜீவனாம்சம் கதை வேற. 1973 சட்டத்தின் 125வது பிரிவில் மாசம் 500 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது. விலைவாசி எங்கேயோ போயும் 2001 வரைக்கும் அதே 500தான். அப்புறம்தான் அந்த வரம்பை எடுத்தாங்க. 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் அது 144வது பிரிவு. ஜீவனாம்ச வழக்கில் இரண்டு பேருமே வருமானம், சொத்து, கடன் எல்லாத்தையும் எழுதிக் கொடுக்கணும், மனு போட்ட நாளிலிருந்தே பணம் கணக்காகணும்னு 2020ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

தாய் வீட்டில் போட்ட நகையும் சீர் சாமானும் பெண்ணுக்கே சொந்தம்னு 1985லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியாச்சு. 2023ல் நம்ம சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போச்சு. புருஷன் வெளிநாட்டில் சம்பாதிச்சார், மனைவி வீட்டைப் பார்த்துக்கிட்டார். அவர் அனுப்பின பணத்தில் வாங்கின சொத்து பத்தின வழக்கு அது. சமையலும் பிள்ளை வளர்ப்பும் உழைப்புதான், அதனால அந்தச் சொத்தில் மனைவிக்கும் சரிபாதின்னு தீர்ப்பு வந்தது.

ஆனா விவாகரத்து ஆனா புருஷன் சொத்தில் பாதி மனைவிக்குன்னு தனிச் சட்டம் இன்னும் வரலை. அதனால காகிதம்தான் பேசும்.

இங்கே நம்ம குழு விஷயம் ஒண்ணு இருக்கு. கடன் நம்ம பேரில் எடுக்கிறோம். அந்தக் காசில் வாங்கின மாடோ, வண்டியோ, மனையோ அவர் பேரில் போகுது. பிரிஞ்சா கடன் நம்மகிட்ட நிக்கும், பொருள் அவர்கிட்ட நிக்கும். குழுக் கடனில் வாங்குற பொருளுக்கு ரசீதும் பத்திரமும் நம்ம பேரில் இருக்கட்டும்.

நகை ரசீது, கல்யாணப் பதிவுச் சான்று, பத்திர நகல், அவருடைய சம்பளச் சீட்டு நகல், நம்ம பாஸ்புக் எல்லாம் ஒரு பையில் பத்திரமா இருக்கணும். வங்கியில் நமக்குன்னு தனிக் கணக்கு வேணும். குழுவில் நோட்டு எழுதற மாதிரி வீட்டுச் செலவையும் தேதி போட்டு எழுதி வைங்க. கோர்ட்டில் செலவைச் சொல்ல அது உதவும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையேன்னு யாரும் பின்வாங்க வேண்டாம். 1987 சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும்.

நல்லா வாழுற குடும்பத்திலும் இந்தக் கணக்கு இருக்கலாம், தப்பில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் கடன் வரவு செலவு பேசி முடிச்சதும், எந்தக் காகிதம் யார் பேரில் இருக்குன்னும் ஒரு தடவை பேசுவோம்.