பஸ் ஏறிய சிவாலய ஓட்டம்

மகா சிவராத்திரிக்கு முந்தைய நாள் கன்னியாகுமரி மாவட்டத்து முன்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடிகிறது சிவாலய ஓட்டம். 12 கோயில்கள், ஏறத்தாழ 100 கி.மீ. போவது சிவன் கோயில்களுக்கு, முழக்கமோ 'கோவிந்தா, கோபாலா'! வியாக்ரபாதர் எனும், பாதி மனிதனும் பாதி விலங்குமான புருஷாமிருகத்திடமிருந்து பீமன் தப்பி ஓடிய கதையே இந்த ஓட்டத்துக்கும் முழக்கத்துக்கும் காரணம் என்பார்கள். ஓடுபவர் கையில் பனையோலை விசிறி. ஒவ்வொரு குளத்திலும் முங்கி, ஈரத்துணியோடு கும்பிட்டு, சாமிக்கு விசிறிவிட்டு, அடுத்த ஊருக்கு ஓட்டம்.

1956-ல் தமிழ்நாட்டோடு இணையும்வரை கன்னியாகுமரி திருவிதாங்கூர் மண். 1938 பிப்ரவரி 20-ல் சித்திரைத் திருநாள் மகாராஜா அங்கே அரசுப் பேருந்தைத் தொடங்கிவைத்தார்.

இன்று இந்த ஓட்டத்துக்கே பஸ், வேன், பைக் என எல்லாவற்றிலும் பக்தர்கள் வருகிறார்கள். முதியவர்களுக்கு அது வரம்தான். ஆனால் ஓட்ட வழியில் திற்பரப்பிலிருந்து திருநந்திக்கரைக்கு இருட்டில் நடப்பவருக்கு, பின்னால் சீறிவரும் பைக்தான் இப்போதைய புருஷாமிருகம். வண்டியில் போகிறவர்கள் ஓடுபவர்களுக்குக் கொஞ்சம் வழிவிடுங்கள்.