விளக்கடியில் இருந்த இருட்டு
(சனி, ஞாயிறு இரு நாட்களில் நம் ஊரைக் கண்ட கதை)

"விளக்கின் அடியில் இருட்டு" என்பது பழமொழி. நம் பங்கில் வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை சென்று வந்தவர்கள் பலர் உண்டு. கோவா சென்று புனித சவேரியாரின் திருவுடலை வணங்கி வந்தவர்களும், உரோமையும் புனித பூமியும் கண்டு திரும்பியவர்களும் உண்டு. ஆனால் ஆழ்வார்திருநகரியில் குடியிருக்கும் நாம் இந்த ஊரை ஒருமுறையேனும் நின்று பார்த்திருக்கிறோமா என்று கேட்டால், தலைகுனிய வேண்டியதுதான்.

இம்மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தரும் பணி எங்களிடம் ஒப்படைக்கப்பட்டதும், பழைய தாள்களைத் தேடி வீடு வீடாகச் சென்றோம். கிடைத்தவை மிகச் சில. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை யார் மறப்பார்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில், நமக்கு அடுத்த ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் வெள்ளத்தின் நடுவே நின்றது. புதுக்குடி மக்கள் அவர்களுக்குச் சோறு சமைத்துக் கொடுத்தார்கள். அந்த வெள்ளத்தில்தான் நம்மவர் பலரின் தகரப் பெட்டிகளும் நனைந்தன. தாத்தாவின் ஞானஸ்நானச் சீட்டும், பாட்டியின் திருமணப் படமும் கூழாகிப் போயின.

தாள் போனால் என்ன, தரை இருக்கிறதே, அது பேசட்டும் என்று எண்ணினோம். ஒரு சனிக்கிழமை விடியற்காலை, பெரியவர்களும் இளைஞர்களுமாகப் பன்னிரண்டு பேர் நடக்கத் தொடங்கினோம்.

தேடி வந்தவர்களின் ஊர்

திருக்குருகூர் என்பது நம் ஊரின் பழைய பெயர். நம்மாழ்வாரால் ஆழ்வார்திருநகரி ஆயிற்று. மாட வீதிகளைச் சுற்றி ஆதிநாதர் கோயில் வாசலுக்கு வந்தோம். அங்கே பூக்கட்டிக் கொண்டிருந்த ஒரு அம்மாள் எங்களைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க இந்த ஊர்க்காரங்கதானே? இம்புட்டு நாளும் பாக்கலியாக்கும்?" என்று கேட்டு விட்டார். எங்களுக்கு நாணமாயிருந்தது. ஆயினும் அக்கேள்வியே எங்களுக்கு வழிகாட்டியாயிற்று.

இக்கோயிலில் உள்ள புளியமரத்தடியில் நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் மௌனமாக வீற்றிருந்தார் என்பது வைணவப் பெரியோர் மரபு. அருகிலுள்ள திருக்கோளூரில் பிறந்த மதுரகவி, வடநாட்டு யாத்திரையில் தெற்கே ஓர் ஒளியைக் கண்டு அதைப் பின்பற்றி இங்கு வந்து, அவரையே குருவாகக் கொண்டாராம். பல மைல் நடந்தவர் இறுதியில் கண்டடைந்தது தம் சொந்த ஊருக்குப் பக்கத்து ஊரை!

பின்னர் ஆழ்வார்களின் பாசுரங்கள் வழக்கொழிந்து போயின. நாதமுனிகள் என்பவர் பத்துப் பாட்டுகளை மட்டும் கேட்டு, மற்றவை எங்கே என்று தேடிக்கொண்டு குருகூருக்கு வந்தார். அவர் வழியாகவே நாலாயிரமும் மீண்டும் கிடைத்தன என்பது அம்மரபின் உறுதியான நம்பிக்கை.

அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து மற்றொருவர் வந்தார். அவர்தாம் உ.வே. சாமிநாதையர். பத்துப்பாட்டை அச்சிட நல்ல ஏட்டுப்பிரதி தேடி ஊர் ஊராக அலைந்த அவர், நம் ஊர்க் கவிராயர்களின் வீடுகளில் சுவடிகளைப் புரட்டினார். நாட்கள் சென்றும் தேடியது கிட்டாமல் மனம் நொந்தார். முடிவில் லக்ஷ்மண கவிராயர் தம் உறவினரான தேவர்பிரான் கவிராயர் வீட்டிலிருந்து ஏடுகளைக் கொண்டுவந்து கொடுக்க, தேடிய நூல் அதில் இருந்தது. இந்த நிகழ்ச்சியை அவரே "என் சரித்திரம்" நூலில் உள்ளம் உருக எழுதியிருக்கிறார். பத்துப்பாட்டு 1889-இல் அச்சேறியது. சங்க நூல் ஒன்று உலகம் காண வெளிவந்ததில் நம் ஊர்ப் பரண் ஒன்றுக்கும் பங்கு உண்டு என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

மாலையில் ஆற்றங்கரையில் அமர்ந்தோம். இதே தென்கரையில், மேற்கே சில மைல் தொலைவில் ஆதிச்சநல்லூர். 1876-இல் பெர்லினிலிருந்து யாகோர் என்ற அறிஞர் வந்து அங்கே தோண்டிப் பார்த்தார். 1899 முதல் அலெக்ஸாண்டர் ரீ என்பவர் விரிவாக அகழ்ந்தார். முதுமக்கள் தாழிகளும், இரும்புக் கருவிகளும், வெண்கலப் பாத்திரங்களும், பொன்னாலான நெற்றிப் பட்டங்களும் வெளிவந்தன. அண்மையில் வடகரையில் உள்ள சிவகளையிலும் அகழாய்வு நடந்தது. அங்கு கிடைத்த இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை செல்வதாக 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிக்கை வெளியிட்டது.

அன்றிரவு ஓர் எண்ணம் எங்களை வாட்டியது. மதுரகவி தேடி வந்தார். நாதமுனிகள் தேடி வந்தார். ஐயர் தேடி வந்தார். பெர்லினிலிருந்தும் தேடி வந்தார்கள். எல்லோரும் தேடி வந்த ஊரில் இருந்துகொண்டே தேடாதவர்கள் நாம் மட்டும்தானோ?

ஆற்றோடு நடந்தோம்

"இது வைணவத் திருப்பதி ஆயிற்றே, கத்தோலிக்கரான நமக்கு இங்கே என்ன இருக்கிறது?" என்று இளைஞர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை ஆற்றின் மறுமுனையில் இருந்தது. ஆகவே ஞாயிறு முதல் திருப்பலி முடிந்ததும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, ஏரல் வழியாகக் கொற்கைக்கும், பின் புன்னைக்காயலுக்கும் ஒரு வேனில் சென்றோம்.

கொற்கை பாண்டியரின் முத்துத் துறைமுகம். முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமியின் கையேடு ஒன்று இதன் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. இன்று கொற்கையில் நின்றால் கடலைக் காண முடியாது. வாழையும் நெல்லுமே தெரியும். காரணம் நம் தாமிரபரணிதான். ஆண்டுதோறும் அது கொண்டுவந்த வண்டல் கழிமுகத்தை மூட, கடல் விலகியது. துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோபோலோ கண்ட பெருநகர் அந்தக் காயலே. அதுவும் தூர்ந்தபின் புன்னைக்காயலும், இறுதியில் தூத்துக்குடியும் சிறப்புற்றன. நம் படித்துறையைத் தொட்டுச் சென்ற மண்ணே மூன்று துறைமுகங்களை மூடியது என்றால் வியப்பன்றோ!

புன்னைக்காயலில் இறங்கியதும் எங்கள் நெஞ்சம் நிறைந்தது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், இக்கடற்கரையில் ஊர் ஊராக நடந்தார். கையில் மணி அடித்துக்கொண்டு சிறுவரையும் பெரியவரையும் கூட்டி ஜெபம் கற்பித்ததாக அவரே கடிதத்தில் எழுதியுள்ளார். அவருக்குப் பின் வந்த சேசு சபைத் தந்தை அன்றிக்கே அன்றிக்கஸ் அடிகளார் போர்த்துக்கல் நாட்டவர். தமிழை முயன்று கற்று, தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். புன்னைக்காயலில் நோயாளிகளுக்கு மருத்துவமனை அமைத்தார். அவர் தமிழாக்கிய "தம்பிரான் வணக்கம்" 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கங்கள், ஆனால் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்த நாட்டில் அச்சான முதல் நூல் அதுவே. தமிழ் அச்சுப் பணிக்கு முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்கள் தங்கள் உழைப்பின் பணத்தைத் திரட்டிக் கொடுத்தார்கள். 1586-இல் புனிதர்களின் வரலாறு கூறும் பெருநூல் ஒன்றும் அச்சேறியது. அடிகளார் 1600-இல் புன்னைக்காயலில் இறைவனடி சேர்ந்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

"தம்பிரான் வணக்கம்" அச்சான பிரதிகள் எல்லாம் எங்கே போயின? நம்மிடம் ஒன்றுகூட எஞ்சவில்லை. இன்று அறியப்பட்டுள்ள பிரதி அமெரிக்காவின் ஹார்வார்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நம் முன்னோர் காசு கொடுத்து அச்சிட்டதை, கடல் கடந்தவர்கள் காத்து வைத்திருக்கிறார்கள்!

அப்போதுதான் இளைஞரின் கேள்விக்கு விடை கிடைத்தது. ஆற்றின் தென்கரையில் நம் ஊர் தமிழை ஓலையில் காத்தது. அதே ஆற்றின் கழிமுகத்தில் நம் விசுவாசம் தமிழை அச்சுக்குத் தந்தது. ஆறு ஒன்றே, தமிழும் ஒன்றே. நாம் இந்த ஊரில் விருந்தாளிகள் அல்லர். இந்த மண்ணின் கதையில் நமக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. அதைக் காக்க வேண்டியவர்களும் நாமே.

ஜூபிலிக்கு ஒரு காணிக்கை

ஓலை நிலைத்தது ஓலையின் வலிமையாலன்று. அது செல்லரிக்குமுன் ஒருவர் அதைப் பார்த்து வேறோர் ஓலையில் எழுதினார். அவர் மகன் அதைப் பெயர்த்தெழுதினான். தாளும் அப்படியே. அடுத்த வெள்ளம் எப்போது வரும் என்று நாம் அறியோம். எனவே, இந்த ஜூபிலி ஆண்டில் வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவோம். நம் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எப்போது, ஏன் இங்கு வந்தது? முதலில் ஞானஸ்நானம் பெற்றவர் யார்? கல்லறைத் தோட்டத்தில் நம்மவர் படுத்திருக்கும் இடம் எது? இம்மூன்றையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதுவோம். அதன் நகலொன்றைப் பங்கு இல்லத்திலும் ஒப்படைப்போம். பெரியவர்கள் கண்மூடிய பின் கேட்டுப் பயனில்லை. இந்த இரு நாள் நடையில் எங்களோடு வந்த மூத்தவர் ஒருவர் வழியெல்லாம் சொல்லி வந்த கதைகளே எங்கள் நோட்டில் முதல் பத்துப் பக்கங்களை நிரப்பின.

காணாமற்போன ஒரு காசுக்காக அப்பெண் செய்ததை நம் ஆண்டவர் உவமையாகச் சொன்னார். அவள் ஊரெங்கும் ஓடவில்லை. விளக்கேற்றித் தன் சொந்த வீட்டையே பெருக்கித் தேடினாள். கண்டதும் அண்டை அயலாரைக் கூப்பிட்டு மகிழ்ந்தாள். நாங்களும் ஒரு காசைக் கண்டோம். உங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டோம். மற்றக் காசுகள் உங்கள் வீடுகளில் இருக்கின்றன.

சவேரியாரின் கால்கள் நடந்த இக்கரையில் நம் பிள்ளைகளும் விசுவாசத்தோடும் விழிப்போடும் நடக்க இறைவன் அருள்வாராக! புனித பனிமய அன்னை நமக்காக வேண்டுவாராக!