வாபஸ் வாங்க முடியாத தேர்தல்

இந்த எபிசோட் ஒரு டீக்கடையில ஆரம்பிக்குது.

எனக்குத் தெரிஞ்ச வக்கீல் அண்ணன் ஒருத்தர். டெல்டாவுல ஒரு ஊர்ல வக்கீல் சங்கத் தேர்தல்ல நின்னார். நோட்டீஸ் அடிச்சு, ஒவ்வொரு ஆபீஸா ஏறி இறங்கி ஓட்டு கேட்டாச்சு. வாபஸ் வாங்கக் கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி, பெரியவங்க நாலு பேர் வீட்டுக்கு வந்தாங்க. "நம்ம ஆளுங்க ஓட்டு பிரியுதுப்பா. நீ விட்டுக் குடுத்துடு." மறுநாள் காலையில கையெழுத்துப் போட்டுட்டார்.

இதைச் சொல்லும்போது டீ கிளாஸையே பாத்துக்கிட்டிருந்தார். அப்புறம், "தம்பி, சோழன் சோழன்னு பேசுறியே, அவங்க காலத்துல இதுக்கு என்ன வழி வச்சிருந்தாங்க?"ன்னு கேட்டார்.

வழி இருந்தது. ராஜராஜனுக்கும் முன்னாடியே, முதலாம் பராந்தகன் காலத்துல. காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூர்ல, கோயில் சுவர்ல ரெண்டு கல்வெட்டு: ஒண்ணு 919, இன்னொண்ணு 921. முதல் விதியில ஓட்டை இருந்திருக்கணும், ரெண்டே வருஷத்துல திருத்தியிருக்காங்க. 30 முதல் 60 வயசுன்னு இருந்தது, 35 முதல் 70ன்னு மாறிச்சு. ரெண்டாவது தடவை ராஜாவோட ஆணையோட வந்து உட்கார்ந்த அதிகாரி, சோழநாட்டுப் புறங்கரம்பை நாட்டுக்காரர். அதாவது நம்ம ஏரியா ஆளு.

ஊர் 30 குடும்பு. குடும்புன்னா வார்டுன்னு வச்சுக்குங்க. தகுதி உள்ள எல்லார் பேரையும் ஓலையில எழுதி, குடும்பு வாரியாக் கட்டி, குடத்துல போடணும். சபை முழுக்கக் கூடணும். அன்னைக்கு ஊர்ல இருக்கிற நம்பிமார், அதாவது அர்ச்சகர்கள், ஒருத்தர் விடாம உள்ள இருக்கணும். அவங்கள்ல வயசானவர் எல்லாரும் பாக்கிற மாதிரி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தர் அதை அஞ்சு விரலும் விரிச்ச உள்ளங்கையில வாங்கிப் படிக்கணும். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். விரல் விரிஞ்சிருந்தா வேற ஓலையை எங்க ஒளிக்கிறது?

பதவி 360 நாள். அது முடிஞ்சதும் அடுத்த வாரியங்களுக்காகச் சபையைக் கூட்ட வேண்டியவங்க யாருன்னா, 12 சேரியிலயும் தர்ம காரியம், அதாவது நியாயம் பாக்கிற வாரியத்தார். முன்னாடி பதவியில இருந்து கணக்குக் காட்டாதவர் பேர் குடத்துக்குள்ளயே வராது. அவர் மாமன், மச்சான், சித்தி பையன் பேரும்தான் வராது!

இதுல மனு கிடையாது, பிரசாரம் கிடையாது. அதனால வாபஸும் கிடையாது. யார் பேர் வரும்னு யாருக்கும் தெரியாதப்ப, ராத்திரி யார் வீட்டுக் கதவைத் தட்டுறது? இன்னொரு பக்கம் அமெரிக்காவைப் பாருங்க. விஸ்கான்சின் மாகாணத்துல 2025ல ஒரே ஒரு நீதிபதி நாற்காலிக்கு நடந்த தேர்தல்ல சுமார் 10 கோடி டாலர் செலவாச்சு.

அடுத்த வாரம் அதே டீக்கடையில இதையெல்லாம் உற்சாகமா சொன்னேன். அண்ணன் வக்கீலாச்சே, நேரா விஷயத்துக்கு வந்தார். "தகுதி என்னன்னு சொன்ன?"

அங்கதான் சிக்கல். அது பிராமணர் சபை. வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல வேணும், இன்னைக்குக் கணக்குல ஒன்றரை ஏக்கருக்குக் கூடுதல். சொந்த மனையில வீடு வேணும். வேதம் தெரியணும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் நல்லாத் தெரிஞ்சா அரைக்கால் வேலி போதும். பெண்கள் பேர் கிடையாது. வயல்ல இறங்கி வேலை செஞ்சவங்க பேரும் கிடையாது. இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும். ஆனா குடம், சின்னப் பையன், அஞ்சு விரல்னு கதை சொல்ற ஜோர்ல, இதைக் கடைசியில ஒரு வரியா வச்சிருந்தேன்.

"எங்க தாத்தா பண்ணையாள்டா. அப்ப அந்தக் குடத்துல முழுக்க 'நம்ம ஆளுங்க'தான்னு சொல்லு"ன்னு சிரிச்சார். "எனக்காவது வாபஸ் வாங்க ஒரு பேர் லிஸ்ட்ல இருந்துச்சு."

மறுபடியும் நிக்கப் போறாராம். இந்தத் தடவை வாபஸுக்குக் கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி, அண்ணியையும் கூட்டிக்கிட்டு வேளாங்கண்ணி போயிடுவேன்னு சொல்லியிருக்கார்.