உலோகக் கடன் அட்டையும் அதன் பழைய வம்சமும்

சென்ற வாரம் என் அண்ணன் பேரன் ஒரு கடன் அட்டையைக் காட்டினான். கையில் வாங்கினால் கனமாக இருந்தது. "இது மெட்டல் தாத்தா, புதுசா வந்திருக்கு" என்றான். அதில் எவ்வளவு புள்ளி கிடைக்கும், விமான நிலையத்தில் எந்த அறையில் உட்காரலாம் என்று நெடுநேரம் சொன்னான். புதிது என்று அவன் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். உலோகத்தைக் காட்டிக் கடன் வாங்குவது நூறு வருடத்துக்கும் மேற்பட்ட பழக்கம்.

அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பெரிய கடைகளும் ஓட்டல்களும் நம்பகமான வாடிக்கையாளர்களுக்குச் சிறு உலோக வில்லைகளைக் கொடுத்தன. ஒரு பக்கம் கடையின் சின்னம், கூடவே வாடிக்கையாளரின் எண். பெயர் இருக்காது. நம்மில் கருவூலத்துக்கோ வங்கிக்கோ போய் வந்தவர்களுக்குப் பித்தளை டோக்கன் நினைவிருக்கும். காசோலையைக் கொடுத்துவிட்டு, டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு, எண்ணைக் கூப்பிடும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். ஏறக்குறைய அதே மாதிரிதான். கீழே தொலைத்தால் எடுத்தவன் நம் கணக்கில் பொருள் வாங்கிவிடலாம் என்பது அதன் பெரிய குறை.

அந்தக் குறையைத் தீர்க்க 1928-இல் 'சார்ஜா பிளேட்' வந்தது. ராணுவ வீரர்கள் கழுத்தில் போடும் அடையாளத் தகடு போல ஒரு சிறு உலோகத் தகடு. பெயரும் ஊரும் புடைத்த எழுத்தில் இருக்கும். கடைக்காரர் அதை ஒரு கருவியில் வைத்து மைநாடாவின் மேல் அழுத்தினால் ரசீதில் பெயர் பதிந்துவிடும். கையால் எழுதும்போது வரும் பிழைகள் குறைந்தன. 1950-கள் வரை இது புழக்கத்தில் இருந்தது. குமாஸ்தா வேலை பார்த்த எனக்கு இதன் அருமை புரிகிறது. பெயரில் ஓர் எழுத்து மாறினால் ஒரு கோப்பு எத்தனை மேசை சுற்றும் என்பது நமக்குத் தெரியாததா?

1950-இல் நியூயார்க்கில் ஃபிராங்க் மெக்நமாரா 'டைனர்ஸ் கிளப்' தொடங்கினார். ஒரே அட்டையைப் பல உணவகங்களில் காட்டலாம் என்பது புதுமை. அந்த அட்டை வெறும் காகித அட்டை. உணவகத்திடமிருந்து பில்லில் 7 சதவீதம் கழித்துக்கொண்டார்கள். இந்த 7 சதவீதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1959-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாஸ்டிக் அட்டை கொடுத்தது. அதன் பிறகு உலகம் முழுவதும் பிளாஸ்டிக்தான்.

பிரான்சில் 1967-இல் ஆறு வங்கிகள் சேர்ந்து 'கார்த் ப்ளூ' என்ற நீல அட்டையைக் கொண்டுவந்தன. 1980-களில் பாரீசிலிருந்து புதுச்சேரிக்கு வந்த என் பெரியப்பா மகன் சட்டைப் பையில் அதை வைத்திருந்தார். இங்கே அதைக் காட்டுவதற்கு இடமில்லாமல் திரும்ப எடுத்துப்போனார். இன்று எல்லா அட்டையிலும் இருக்கும் சில்லுக்கு 1974-இல் காப்புரிமை பெற்றவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான், ரொலான் மொரேனோ. பள்ளியில் நாங்கள் படித்த 'க்ரெதி' என்ற சொல்லுக்குக் கடன் என்றும் நம்பிக்கை என்றும் இரண்டு பொருள் உண்டு. லத்தீனில் 'நம்பு' என்பதே அதன் வேர். மளிகைக் கடையில் மாதக் கணக்கு நோட்டு வைத்திருந்த நம் அம்மாக்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து வெகுமதி. 1896-லேயே அமெரிக்கக் கடைகளில் பொருள் வாங்கினால் பச்சைத் தபால்தலை போன்ற ஒட்டுச்சீட்டு கிடைக்கும். அதைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்தால் பாத்திரமோ விளக்கோ வாங்கலாம். 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பறந்த மைலுக்குக் கணக்கு வைத்துச் சலுகை கொடுத்தது. 1986-இல் டிஸ்கவர் அட்டை, செலவில் ஒரு பகுதியைப் பணமாகவே திருப்பித் தந்தது. 2016-இல் சேஸ் வங்கியின் 'சஃபையர் ரிசர்வ்' உலோக அட்டை வந்தது. ஆண்டுக் கட்டணம் 450 டாலர், சேர்ந்தவர்களுக்கு 1,00,000 புள்ளி. கூட்டம் அலைமோதி, அட்டைக்கான உலோகமே தீர்ந்துபோய், சிலருக்குத் தற்காலிகமாகப் பிளாஸ்டிக் அனுப்பினார்கள். சில மாதங்களில் நேரடிக் கிளைகளைத் தவிர மற்ற வழிகளில் அந்தப் புள்ளியைப் பாதியாக்கினார்கள். 2019-இல் வந்த ஆப்பிள் அட்டை டைட்டானியம். அதிலொரு வேடிக்கை: கைப்பேசியைக் காட்டிச் செலுத்தினால் 2 சதவீதம், அந்த டைட்டானியம் அட்டையை நீட்டினால் 1 சதவீதம்தான்.

நம் நாட்டு அட்டைகளை ஒப்பிடுவோம். மாதம் 25,000 ரூபாய், ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் அட்டையில் செலவழிப்பவரை எடுத்துக்கொள்கிறேன். எச்.டி.எஃப்.சி.யின் 'இன்ஃபினியா மெட்டல்' கட்டணம் 12,500 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 14,750. 150 ரூபாய்க்கு 5 புள்ளி என்றால் 10,000 புள்ளி. கட்டணம் கட்டியதற்கு 12,500 புள்ளி. மொத்தம் 22,500. விமானத்துக்கும் ஓட்டலுக்கும் போட்டால் ஒரு புள்ளி ஒரு ரூபாய், கட்டணத்துக்கு மேலேயே மிஞ்சும். பில்லில் கழிக்கச் சொன்னால் புள்ளிக்கு 30 காசு, அதாவது 6,750 ரூபாய். கட்டணத்தில் பாதிகூட வராது. ஐ.சி.ஐ.சி.ஐ.யின் 'எமரால்டு பிரைவேட் மெட்டல்' கட்டணமும் கிட்டத்தட்ட அதே. 200 ரூபாய்க்கு 6 புள்ளி, 3 லட்சத்துக்கு 9,000. இரண்டிலுமே ஆண்டுக்கு 10 லட்சம் செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி. 'ஒன்கார்டு' என்பதும் உலோகம்தான், கட்டணம் இல்லை. 50 ரூபாய்க்கு ஒரு புள்ளி, புள்ளிக்கு 10 காசு. 3 லட்சத்துக்கு 600 ரூபாய்! இவை நான் பார்த்த விதிகள். வங்கிகள் இவற்றை அடிக்கடி மாற்றும், சேரும் முன் படித்துப் பாருங்கள்.

ஆக, மூன்றும் உலோகம், வெகுமதியோ மலைக்கும் மடுவுக்கும். அட்டையின் எடைக்கும் வரவுக்கும் சம்பந்தம் இல்லை. வருடத்துக்கு இரண்டு முறை விமானம் ஏறுபவருக்கு ஒரு கணக்கு, சண்டே மார்க்கெட்டுக்கு மட்டும் போகும் நமக்கு வேறு கணக்கு.

இந்த வெகுமதி எங்கிருந்து வருகிறது? அந்தப் பழைய 7 சதவீதத்தின் வாரிசு இன்னும் உயிரோடு இருக்கிறது. அட்டையை நீட்டும் ஒவ்வொரு முறையும் கடைக்காரரின் பணத்தில் ஒரு பங்கு வங்கிக்குப் போகிறது. அவர் அதை விலையில் ஏற்றினால், ரொக்கம் கொடுக்கும் கிழவியும் அந்த விலையைத்தான் கொடுக்கிறாள். அவளுக்குப் புள்ளி இல்லை. ஐரோப்பாவில் 2015 இறுதியில், கடன் அட்டைக்கு வங்கிகள் தங்களுக்குள் எடுக்கும் இந்தப் பங்கை 0.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். பிரான்சில் இருக்கும் நம் உறவினர்கள் அமெரிக்கர்களைப் போலப் புள்ளிப் பெருமை பேசாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். இங்கே யு.பி.ஐ.க்கு 2020 முதல் கடைக்காரரிடம் கட்டணம் கிடையாது, அதனால் அதில் புள்ளி கொடுக்க வங்கிக்கும் வழி குறைவு.

பேரப்பிள்ளைகள் உங்களுக்கும் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றால் மூன்று விஷயம் கேளுங்கள். ஜி.எஸ்.டி. சேர்த்துக் கட்டணம் எவ்வளவு? புள்ளியைப் பணமாக எடுத்தால் எவ்வளவு? பில்லை முழுதாகக் கட்டாவிட்டால் வட்டி எவ்வளவு? பல அட்டைகளில் அது மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல். ஒரு மாத வட்டியில் பல மாதப் புள்ளி கரைந்துவிடும். இன்னொன்று, அட்டை காலாவதியானால் கத்தரிக்கோலால் வெட்ட முடியாது. வங்கிக்கே திருப்பி அனுப்பி, ரசீது வாங்கி, கோப்பில் வையுங்கள்.