ஒலி இடைமுக இயக்கிகளும் இயங்குதள மேம்படுத்தலும்

ஒலி இடைமுகம் என்பது ஒலிவாங்கி, வீணையில் பொருத்திய பிக்கப், கீபோர்டு போன்றவற்றிலிருந்து வரும் மின்னலைகளை எண்களாக மாற்றிக் கணினிக்குள் அனுப்பவும், கணினி தரும் எண்களை மீண்டும் மின்னலைகளாக்கி ஹெட்போனுக்கும் ஒலிபெருக்கிக்கும் வழங்கவும் பயன்படும் புறக்கருவியாகும். பதிவுக்கூடங்களில் இதனை இன்டர்ஃபேஸ் என்றும், பழைய பழக்கத்தில் சவுண்ட் கார்டு என்றும் அழைப்பர். இக்கருவிக்கும் கணினியின் இயங்குதளத்துக்கும் இடையில் நின்று இரண்டையும் பேசவைக்கும் மென்பொருளே இயக்கி, அதாவது டிரைவர். இயங்குதளம் மாறும்போது இயக்கியும் அதற்கேற்பத் திருத்தி எழுதப்பட வேண்டும்; அவ்வாறு எழுதப்படாவிட்டால், மின்சுற்றில் ஒரு பழுதும் இல்லாத கருவிகூடப் பயனற்றுப் போகும். ஆகவே ஓர் ஒலி இடைமுகத்தின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் வன்பொருளின் உறுதியன்று, அதற்கு எத்தனை ஆண்டுகள் இயக்கி எழுதப்படுகிறது என்பதே.

இயக்கியின் பணியும் தாமதமும்

கணினி ஒலியை ஒவ்வொரு மாதிரியாக, அதாவது சாம்பிளாக, கையாள்வதில்லை. பஃபர் எனப்படும் தற்காலிகச் சேமிப்பில் ஒரு தொகுதி சேர்ந்த பின்னரே அதனை மொத்தமாக எடுத்துக்கொள்கிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்னும் வீதத்தில் 64 மாதிரிகள் கொண்ட பஃபர் நிறைய ஏறத்தாழ 1.3 மில்லிநொடியும், 256 மாதிரிகளுக்கு 5.3 மில்லிநொடியும், 1,024 மாதிரிகளுக்கு 21.3 மில்லிநொடியும் ஆகும். உள்ளே வரும்போது ஒரு முறையும் வெளியே செல்லும்போது ஒரு முறையும் இக்காத்திருப்பு நேர்வதால் மொத்தத் தாமதம் ஏறத்தாழ இரட்டிப்பாவதோடு, எண்மாற்றிகளும் யூ.எஸ்.பி. இணைப்பும் எடுத்துக்கொள்ளும் நேரமும் அதனுடன் சேர்கிறது.

காற்றில் ஒலி ஒரு மீட்டர் செல்ல ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆகிறது. கச்சேரி மேடையில் பாடகரிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கும் மிருதங்கக் கலைஞர் 6 மில்லிநொடித் தாமதத்துடனேயே பாட்டைக் கேட்கிறார். அது அவருக்கு ஒரு தடையாவதில்லை. ஆனால் ஹெட்போனில் தன் அடியின் ஒலியே 40 மில்லிநொடி பிந்திக் கேட்குமானால், விரல் அடித்ததும் காது கேட்பதும் வேறுபட்டு, துரித காலத்தில் தாளம் தடுமாறும். பஃபரைச் சிறிதாக வைத்துக்கொண்டே ஒலியில் வெடிப்போ விடுபடலோ நேராமல் காப்பதுதான் நல்ல இயக்கியின் இலக்கணம். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலோடு இயக்கிக்கு நெருங்கிய உறவு தேவைப்படுவதற்கு இதுவே காரணம். இயங்குதளம் மாறும்போதெல்லாம் முதலில் முறிவதும் அந்த உறவுதான்.

விண்டோஸ்

விண்டோஸின் பொது ஒலியமைப்பு பல செயலிகளின் ஒலியைக் கலந்து தருவதற்காக வகுக்கப்பட்டதால், தொடக்கத்தில் அதன் தாமதம் பதிவுப் பணிக்கு ஏற்றதாக இல்லை. இக்குறையைத் தீர்க்க ஜெர்மனியின் ஸ்டைன்பர்க் நிறுவனம் 1997-இல் ஏசியோ என்னும் முறையை வெளியிட்டது. பொது ஒலியமைப்பைத் தவிர்த்துவிட்டு, இசைச் செயலியை நேரடியாக இயக்கியுடன் இணைக்கும் இம்முறை விரைவில் தொழில்துறை வழக்காயிற்று. எனினும் ஏசியோ இயக்கியை ஒவ்வொரு கருவிக்கும் அதன் உற்பத்தியாளரே எழுதித் தரவேண்டியிருந்தது. அவர் கைவிட்ட நாளில் கருவியும் கைவிடப்பட்டது.

பாதுகாப்பு விதிகள் இறுகியது இரண்டாவது திருப்பம். விண்டோஸ் விஸ்டாவின் 64-பிட் பதிப்பு முதல், கெர்னலில் இயங்கும் இயக்கிகளுக்கு எண்மக் கையொப்பம் கட்டாயமாயிற்று. 2021 அக்டோபர் 5 அன்று வெளிவந்த விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது என்பதால், 32-பிட் இயக்கி மட்டுமே உள்ள பழைய கருவிகளுக்கு அதில் இடமில்லை. விண்டோஸ் 10-க்காக எழுதப்பட்ட 64-பிட் இயக்கிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-இலும் இயங்குகின்றன; ஆயினும் நினைவக ஒருமைப்பாடு என்னும் பாதுகாப்பு வசதி இயக்கத்தில் இருக்கும்போது, அதற்கு இணங்காத பழைய இயக்கிகள் ஏற்றப்படாமல் தடுக்கப்படுகின்றன.

பெரிய பதிப்பு மாற்றங்களில் மட்டுமன்றி, மாதாந்தரப் புதுப்பிப்புகளிலும் இடர் உண்டு. 2025 ஜனவரி 14 அன்று வெளியான பாதுகாப்புப் புதுப்பிப்பை நிறுவிய பின்னர், யூ.எஸ்.பி. 1.0 ஒலி இயக்கியை நம்பியிருந்த சில வெளிப்புற எண்மாற்றிகள் இயங்காமல் நின்றன. சாதன மேலாளரில் போதிய கணினி வளம் இல்லை என்னும் செய்தியும் பிழைக்குறி 10-உம் தோன்றின. மைக்ரோசாஃப்ட் பின்னர் வெளியிட்ட திருத்தம் இதனைச் சரிசெய்தது.

மேக்

மேக் கணினிகளில் கோர் ஆடியோ என்னும் ஒலியமைப்பு இயங்குதளத்தின் உள்ளேயே குறைந்த தாமதத்துடன் அமைந்திருப்பதால், ஏசியோ போன்ற தனி வழி தேவைப்படவில்லை. இசைப்பதிவாளர்கள் சிலர் மேக் பக்கம் சாய்ந்ததற்கு மென்பொருள் உரிமை மாற்றமும் ஒரு காரணம்: ஏ. ஆர். ரகுமான் உள்ளிட்ட பலர் பயன்படுத்தும் லாஜிக் என்னும் பதிவு மென்பொருளை உருவாக்கிய எமாஜிக் நிறுவனத்தை ஆப்பிள் 2002 ஜூலையில் வாங்கி, அதே ஆண்டிலேயே அதன் விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. லாஜிக்கை விடமுடியாதவர்கள் கணினியை மாற்றவேண்டியதாயிற்று.

மேக் தரப்பில் முறிவுகள் அடுத்தடுத்து நேர்ந்தன. 2018-இல் வெளியான சில மேக் மாதிரிகளில் யூ.எஸ்.பி. ஒலிக்கருவிகள் இடையிடையே விட்டுவிட்டு ஒலித்தன. 2019 மார்ச்சில் வந்த 10.14.4 பதிப்பு அதனைச் சீராக்கியது. 2019 அக்டோபர் 7 அன்று வெளிவந்த கேட்டலினா பதிப்பு, 32-பிட் செயலிகள் அனைத்தையும் ஒரே நாளில் செல்லாதவையாக்கியது. இதனால் இயக்கி நன்றாக இருந்தும், அதன் கட்டுப்பாட்டுப் பலகைச் செயலி திறக்காத நிலை சில கருவிகளுக்கு உண்டாயிற்று. அடுத்த ஆண்டு நவம்பரில் ஆப்பிளின் சொந்தச் சில்லான எம்1 வந்தது. இன்டெல்லுக்காக எழுதிய செயலிகளை ரோசெட்டா 2 என்னும் மொழிபெயர்ப்பு அடுக்கு புதிய சில்லில் ஓட்டியது. கெர்னலுக்குள்ளேயே இயங்கும் கெர்னல் நீட்சிகளாக எழுதப்பட்ட இயக்கிகளை மட்டும் அதனால் ஓட்ட முடியவில்லை.

புதிய சில்லுக்கென எழுதிய கெர்னல் நீட்சியை நிறுவுவதும் எளிதன்று. பயனர் கணினியை முழுவதும் அணைத்து, மின்பொத்தானை அழுத்திப் பிடித்து மீட்புச் சூழலுக்குள் நுழைந்து, தொடக்கப் பாதுகாப்புப் பயன்கருவியில் குறைந்த பாதுகாப்பு என்னும் நிலையைத் தேர்ந்து, கெர்னல் நீட்சிகளுக்கு அனுமதி அளித்து மறுபடி தொடங்கவேண்டும். பின்னர் அமைப்புகளில் குறிப்பிட்ட உற்பத்தியாளரின் நீட்சியை ஏற்று மீண்டும் ஒருமுறை தொடங்கவேண்டும். கெர்னலுக்கு வெளியே இயங்கும் டிரைவர்கிட் என்னும் மாற்று வழியை ஆப்பிள் 2019-இலும், ஒலிக்கருவிகளுக்கான அதன் பிரிவை 2021-இலும் அறிமுகப்படுத்தியது.

ஒரு காலத்தில் பல தடப் பதிவுக்கு விரும்பி வாங்கப்பட்ட, ஃபயர்வயர் என்னும் இணைப்புத் துளையைப் பயன்படுத்திய இடைமுகங்களின் வரலாறு இத்தகைய முறிவுகளின் இறுதிக் கட்டத்தைக் காட்டுகிறது. மேக் கணினிகளிலிருந்து அந்தத் துளை நீங்கிய பின்னரும் தண்டர்போல்ட் மாற்றிகளின் உதவியால் அவை பல்லாண்டு உழைத்தன. 2025 செப்டம்பரில் வந்த டஹோ பதிப்பில் ஃபயர்வயர் ஆதரவே நீக்கப்பட்டது. இன்டெல் மேக்குகளுக்கு அதுவே கடைசிப் பெரும் பதிப்பு எனவும் ஆப்பிள் அறிவித்துள்ளது.

பொதுத்தர இயக்கிகள்

யூ.எஸ்.பி. ஒலிக்கருவிகளுக்கான பொது வரையறை 1998-இலும் அதன் இரண்டாம் பதிப்பு 2006-இலும் வெளியாயின. இவ்வரையறையைப் பின்பற்றும் கருவி கிளாஸ் கம்ப்ளையன்ட் எனப்படும். உற்பத்தியாளரின் இயக்கி இல்லாமல், இயங்குதளத்தோடு வரும் பொது இயக்கியைக் கொண்டே அது வேலை செய்யும். மேக்கும் லினக்ஸும் இரண்டாம் பதிப்பை முன்னரே ஏற்றுக்கொண்டன. விண்டோஸ் 10-இல் அது 2017-இன் 1703 பதிப்பில்தான் சேர்ந்தது, அப்போதும் ஏசியோ வசதி அதில் இல்லை. இவ்விடைவெளியை ஏசியோ4ஆல் என்னும் இலவச மென்பொருள் ஓரளவு நிரப்புகிறது. அது சாதாரண விண்டோஸ் இயக்கிக்கு ஏசியோ முகத்தை அணிவிக்கும் உறையே தவிர, கருவிக்கென எழுதப்பட்ட இயக்கியன்று.

லினக்ஸில் அல்சா என்னும் ஒலியமைப்பு கெர்னலின் பகுதியாகவே இருப்பதால், ஒருமுறை சேர்க்கப்பட்ட கருவிக்கான நிரல் உற்பத்தியாளர் கடையை மூடிய பின்னரும் பொதுவில் பராமரிக்கப்படுகிறது. விண்டோஸிலும் மேக்கிலும் இயக்கி கைவிடப்பட்ட ஃபயர்வயர் கருவிகள் சில இன்றும் லினக்ஸில் இயங்குவது இதனால்தான். எனினும் பரவலான வணிக இசை மென்பொருள்கள், மெய்நிகர் வாத்தியங்கள் ஆகியவற்றுள் பல லினக்ஸுக்கு வெளியிடப்படாதது அதன் பயனைச் சுருக்குகிறது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம்

இப்பிரச்சினையின் வன்பொருள் பக்கம் பெருமளவில் உருவாகும் இடங்களுள் ஒன்று சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரம். பெங்களூர் நெடுஞ்சாலையையும் சிங்கப்பெருமாள்கோவில் சாலையையும் ஒட்டி சிப்காட் அமைத்த தொழிற்பூங்காக்களில் வாகன ஆலைகளுடன் மின்னணு ஆலைகளும் வளர்ந்தன. டெல் நிறுவனம் 2007-இல் ஸ்ரீபெரும்புதூரில் கணினி ஒருங்கிணைப்பைத் தொடங்கியது. ஃபாக்ஸ்கான் ஆலை 2023-இல் ஐபோன் 15 மாதிரியை ஒருங்கிணைக்கத் தொடங்கியது.

இவ்விரு பொருள்களும் இயக்கிச் சிக்கலின் இரு எல்லைகளைக் காட்டுகின்றன. டெல் கணினி விண்டோஸில் இயங்குவது. அதில் எந்த உற்பத்தியாளரின் இயக்கியையும் நிறுவலாம், அதே காரணத்தால் ஒவ்வொரு இயக்கியின் ஆயுளையும் பயனரே கண்காணிக்க வேண்டும். ஐபோனிலோ வெளியார் ஒலி இயக்கியை நிறுவ வழியே இல்லை. பொதுத்தரக் கருவியானால் இயங்கும், இல்லையேல் இயங்காது. ஐபோன் 15 முதல் யூ.எஸ்.பி.-சி துளை வந்ததால், அத்தகைய இடைமுகத்தைத் தனி மாற்றி இன்றி ஒரே கம்பியில் இணைக்கலாம். ஆனால் தொலைபேசி வெளியே தரும் மின்திறன் 4.5 வாட் அளவே என்பதால், கண்டென்சர் ஒலிவாங்கிக்கு 48 வோல்ட் வழங்கும் சில இடைமுகங்களுக்குத் தனி மின்னூட்டம் தேவைப்படும்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. தனிப்பயனருக்கான நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பு 2026 அக்டோபர் 13 வரை மட்டுமே. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் வரிசையில் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியையும் கோருவதால், அத்தலைமுறை அறிமுகமான 2017-க்கு முற்பட்ட கணினிகள் பெரும்பாலும் அதற்குத் தகுதி பெறுவதில்லை. வீட்டுப் பதிவறையில் நன்றாக உழைத்துவரும் பழைய மேசைக்கணினிக்கும் இதே நிலைதான். அதன் இடைமுகத்துக்குப் புதிய இயக்கி இருந்தாலும், கணினி புதிய இயங்குதளத்தை ஏற்காது.

தொழிற்சாலை இயந்திரங்களுக்கு இச்சிக்கல் வேறு வகையில் தீர்க்கப்படுகிறது. உற்பத்தி வரிசையிலும் சோதனை மேசையிலும் உள்ள கணினிகளுக்கென மைக்ரோசாஃப்ட் நீண்டகாலச் சேவைப் பதிப்புகளை வெளியிடுகிறது. அவற்றில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும், அமைப்பு மாறாது. விண்டோஸ் 10-இன் 2021 ஐ.ஓ.டி. நீண்டகாலப் பதிப்புக்கு 2032 ஜனவரி வரை ஆதரவு உண்டு. தனி இசைக்கலைஞருக்கு இவ்வுரிமம் கடையில் கிடைப்பதன்று. எனவே நிலைத்த அமைப்பு என்னும் அந்த ஒழுங்கை அவர் தம் நடைமுறையால்தான் அமைத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

மேம்படுத்தும் முறை

பதிவுக்கூடங்களில் முதன்மையாகக் கொள்ளப்படும் விதி, நடந்துகொண்டிருக்கும் பணியின் இடையில் இயங்குதளத்தை மாற்றலாகாது என்பது. மேக்கின் பெரும் பதிப்பு ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் நவம்பருக்குள் வருகிறது. விண்டோஸின் ஆண்டுப் பதிப்பும் பிற்பாதியிலேயே வருகிறது. தமிழ்நாட்டு இசையுலகில் அதுவே தீபாவளி வெளியீடுகளும் மார்கழிக் கச்சேரிகளும் நெருங்கும் பருவம். ஆகையால் பொங்கலுக்குப் பிறகு மேம்படுத்துவது இரு வகையில் நன்மை தரும்: கையிலுள்ள வேலை முடிந்திருக்கும், உற்பத்தியாளர்கள் தம் இயக்கிகளைத் திருத்தி, பொருந்தும் பதிப்புகளின் பட்டியலை வெளியிட்டிருப்பர்.

மேம்படுத்துமுன் இடைமுகத்தின் இயக்கி, அதன் கட்டுப்பாட்டுச் செயலி, பதிவு மென்பொருள், செருகுநிரல்கள், அவற்றின் உரிமத்தைச் சரிபார்க்கும் டாங்கிள் ஆகிய ஐந்தும் புதிய பதிப்புக்குப் பொருந்துமா எனத் தனித்தனியே பார்க்கவேண்டும். சங்கிலியில் ஒன்று அறுந்தாலும் பழைய பதிவுகள் திறக்காது. முழு வட்டின் நகலை வெளி வட்டில் எடுத்துவைப்பதும், தற்போது இயங்கும் இயக்கியின் நிறுவற்கோப்பைச் சேமித்துவைப்பதும் இன்றியமையாதவை. ஏனெனில் சில உற்பத்தியாளர்கள் பழைய நிறுவற்கோப்புகளைத் தளத்திலிருந்து நீக்கிவிடுவதுண்டு. முக்கியமான பாடல்களின் ஒவ்வொரு தடத்தையும் தொடக்கப் புள்ளியிலிருந்து தனி வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்துவைத்தால், மென்பொருளே மறைந்தாலும் பதிவு மிஞ்சும். கைவிடப்பட்ட கருவியைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்புவோர் பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்துப் பதிவுக்கு மட்டும் வைத்துக்கொள்கின்றனர்.

அண்மைப் போக்கு

ஏசியோவை உருவாக்கிய ஸ்டைன்பர்க் 2005 முதல் யமஹா குழுமத்தைச் சேர்ந்தது. யமஹா, குவால்காம் ஆகியவற்றின் ஒத்துழைப்புடன், ஏசியோ வசதி கொண்ட பொதுத்தர யூ.எஸ்.பி. இயக்கியை விண்டோஸிலேயே சேர்க்கவிருப்பதாகவும், அதன் மூலநிரலைப் பொதுவில் வைக்கவிருப்பதாகவும் மைக்ரோசாஃப்ட் 2024 இறுதியில் அறிவித்தது. இது முழுமையாகப் பரவுமானால், பொதுத்தர இடைமுகம் வைத்திருப்போருக்கு விண்டோஸிலும் உற்பத்தியாளரின் இயக்கியைக் கட்டாயமாக நம்பியிருக்கும் நிலை நீங்கும். உட்கலவை, எதிரொலி போன்ற கூடுதல் வசதிகளைக் கணினியிலிருந்து இயக்குவதற்கு மட்டும் உற்பத்தியாளரின் மென்பொருள் தேவைப்படும். இடைமுகம் வாங்குபவர் எண்மாற்றியின் தரத்தையும் விலையையும் ஒப்பிடுவதோடு, கருவி பொதுத்தரமானதா, அதன் முந்தைய மாதிரிகளுக்கு எத்தனை ஆண்டுகள் இயக்கி வெளியிடப்பட்டது என்னும் இரண்டையும் கேட்டறிவது அதுவரை தேவையானதாகவே இருக்கும்.